மவுத்தானவர் விற்ற வீடு

நான்கு மாதங்களில் முதன்முதலாகப் பஸ்மியாவின் வாசற்கதவைத் தட்டியவர், அவளுடைய வீட்டை விலைக்கு வாங்கியிருந்தவர். ரஜீவன் என்று பெயர் சொன்னார். ஆளில்லாத வீடென்று நம்பி அளவு நாடாவோடு வந்தவர், அவளைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"அம்மா, வாடகைக்கோ இருக்கிறியள்?"

"வாடகைக்கோ? இது என்ட வீடு, தம்பி."

அவர் நீட்டிய வீட்டு உறுதிப் பத்திரத்தைக் கதிரையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டி வாசித்தாள். தன் சார்பில் வீட்டை விற்கும்படி அவளுடைய கணவர் ஸெய்னுதீன் அற்றோணித் தத்துவம் என்ற அதிகாரப் பத்திரம் கொடுத்தாராம். அதை வைத்து யாரோ ஒருவன் போன பங்குனியில் விற்றிருந்தான். ஸெய்னுதீன் மவுத்தாகி, அடக்கம் செய்து மூன்று வருடம். உறுதியோடு இணைத்திருந்த அந்தப் பத்திரத்தில் கையொப்பம் அச்சொட்டாக அவருடையதைப் போலவே இருந்தது. கோபம் வரவேண்டிய இடத்தில் அவள் அதை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

மெல்பேணிலிருந்து மகள் ஸல்ஹா போனில் அழுதாள். "உம்மா, எதிலயும் கையொப்பம் வச்சிராதீங்க. எனக்கு இப்ப வர ஏலாது."

சட்டத்தரணி சுலக்ஷனா, பஸ்மியாவின் பழைய உறுதியைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"இந்தக் கள்ளன் எங்கட பக்கத்து ஆள் இல்லை அம்மா. வீடு ஆம்பிளையின்ட பேரில இருக்கும் எண்டு நினைச்சிட்டான்."

அந்தப் பக்கத்து வழக்கப்படி பெண்ணுக்கே எழுதப்படும் சீதன வீடு அது. பஸ்மியாவின் உம்மா அவள் பேரில் எழுதிக் கொடுத்தது. ஸெய்னுதீன் மாப்பிள்ளையாக அந்த வீட்டுக்கு வந்தவர்தான்.

"உயிரோட இருந்தாலும் அவர் விக்க ஏலாது. ஆள் செத்தா அற்றோணித் தத்துவமும் செத்துப்போகும்."

பொலிஸில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். வீடு இன்னொரு கைக்கு மாறாமல் காணிப் பதிவகத்தில் ஆட்சேபனை பதிய வேண்டும். அந்த உறுதி செல்லாது என்று தீர்ப்புப் பெற மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு. அது வருடக்கணக்கில் இழுபடும். அதுவரை யாரும் அவளை வீட்டிலிருந்து எழுப்பாமலிருக்கத் தடையுத்தரவு தேவை.

"ஆளில்லாத வீடு எண்டு எழுதித்தான் வித்திருக்கிறான். நீங்கள் அங்கதான் இருக்கிறியள் எண்டு சத்தியக் கடதாசி தர வெளியாள் ஒராள் வேணும். ஆர் இருக்கினம்?"

பஸ்மியா யோசித்தாள். பாண்காரன் வண்டியை அவள் வாசலில் நிறுத்துவதில்லை. பள்ளிவாசல்காரர்களுக்கு ஸெய்னுதீனைத்தான் தெரியும். மிஞ்சியது பக்கத்து வீட்டு மரியம்மா. மதில் தகராறில் பதினொரு வருடமாக இருவருக்கும் கதை பேச்சில்லை.

"என்ன, மதிலை இடிக்கச் சொல்லவோ வந்தனீங்கள்?" என்றாள் மரியம்மா, கேற்றைத் திறக்காமலே.

பஸ்மியா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். முடிவதற்குள் கேற் திறந்துவிட்டது.

"உங்களை நான் கண்டு கனநாள். எண்டாலும் இருக்கிறியள் எண்டு தெரியும். விடிய வாளி கிணத்தில விழும். மத்தியானத்தில ஆரோடயோ கதைப்பீங்கள்."

"ஆரோட? நான் மட்டும்தானே இருக்கிறன்."

"அதைத்தான் சொல்லுறன்." மரியம்மா குரலைத் தாழ்த்தினாள். "அதையும் எழுதவோ?"

பஸ்மியா முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். "எழுதுங்க. நான் இருக்கிறது தெரிஞ்சாப் போதும்."

அந்தக் கடதாசியோடுதான் தடையுத்தரவு கிடைத்தது. மதிலுக்கு அப்பால் ஒரு பெண் வசிக்கிறார், தினமும் மத்தியானம் பேசுவது கேட்கும், மறுமொழி சொல்லும் குரல் கேட்டதில்லை என்று மரியம்மா அதில் சத்தியம் செய்திருந்தாள்.