பாதி நெரை

கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் வல்லிபுரத்துக்கு ஆங்கிலச் சொற்கள் மீது அப்படியொரு மோகம். தினமும் காலையில் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ரயிலில் வேலைக்குப் போகும்போது மடியில் ஒரு நோட்டுப்புத்தகம் இருக்கும். சொற்களை முன்னொட்டு வாரியாக இனம் பிரித்து எழுதுவது அவர் வழக்கம். 1926ஆம் ஆண்டில் 'நடு' என்று பொருள் தரும் ஒட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். மிட்டே என்றால் நடுப்பகல், மிட்ஸ்ட்ரீம் என்றால் நடு ஆறு, மீடியேட்டர் என்றால் இருவருக்கு நடுவே நின்று பேசுகிறவர். மிட்ஸம்மர் என்றால் நடுக்கோடை. மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கிற கிள்ளானில் நடுக்கோடையை யார் கண்டார்கள்? மனிதர் அதையும் விட்டுவைக்கவில்லை.

படித்த சொல்லை அன்றே கோர்ட்டில் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கெட்டிக்காரர்தான், மறுப்பதற்கில்லை. முதல் வகுப்பு மொழிபெயர்ப்பாளர் பதவிக்கு அவர் பெயர் போயிருந்தது. மாஜிஸ்திரேட் துரை அந்த வாரம் எழுதப்போகும் அறிக்கை மட்டுமே பாக்கி.

அந்த வாரத்தில்தான் காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் இறந்துபோன பக்கிரிசாமியின் மரண விசாரணை வந்தது. ஆள் நடுப்பகலில் சுருண்டு விழுந்தான், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம் என்று தோட்டத்து மானேஜர் சொல்லிவிட்டு இறங்கினார். அடுத்துப் பக்கிரிசாமியின் மனைவி மாரியாயி கூண்டில் ஏறினாள்.

"பாதி நெரை சீவறப்ப விழுந்துட்டாருங்க. பால் நிறுக்கறப்பதான் தூக்கினாங்க."

நெரை என்பது ஒருவர் ஒரு நாளில் சீவ வேண்டிய மரவரிசை. அதுவரை வல்லிபுரத்துக்குத் தெரியும். பாதி வேலை என்றால் பாதி நாள், பாதி நாள் என்றால் நடுப்பகல். அவருடைய ஆபீஸில் அப்படித்தான். காலையில் ரயிலில் உருப்போட்ட சொல் வேறு நாக்கு நுனியில் நின்றது. "மிட்டே" என்றார், கணீரென்று. சீவிச் சேர்த்த ரப்பர் பாலை நிறுப்பது பன்னிரண்டு மணிக்கு, அதுவும் மிட்டேதான் என்று சேர்த்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒன்றையே சொல்கிறார்கள் என்று துரை தலையை ஆட்டி, சாப்பாட்டுக்குப் பிறகு முடிவு சொல்வதாக எழுந்து போனார்.

வெளியே மாரியாயி மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது. ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று வல்லிபுரம் அருகில் போனார்.

"நடுப்பகல் வெயில் பொல்லாதது, அம்மா. ஆர் என்ன செய்யேலும்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வெயிலா? வெயிலே ஏறலீங்களே ஐயா. கருக்கல்ல சீவ ஆரம்பிக்கிறோம், பாதி நெரையில இலைப்பனி கூட காயாதே. மரத்த விட்டு ஒருத்தரும் நகரக் கூடாதுன்னுட்டாரு கங்காணி. பால் நிறுக்கற வரைக்கும் மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே கெடந்தாரு."

கருக்கல் ஆறு மணி என்றால் பாதி நெரை எட்டு மணி என்று வல்லிபுரம் கணக்குப் போட்டார். எட்டு மணிக்கு விழுந்தவனைப் பன்னிரண்டு மணிக்குத் தூக்கியிருக்கிறார்கள். அந்த நாலு மணி நேரத்தை ஒரே சொல்லில் விழுங்கியவர் அவர். மானேஜர் சொன்ன பொய்க்கு இந்தப் பெண்ணையே சாட்சியாக்கிவிட்டார்.

சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை. சும்மா இருந்துவிட்டால் மாரியாயிக்கே தெரியாது. அந்த நினைப்பும் வந்தது. வரவில்லை என்றால் அது பொய். துரை திரும்பி வந்து அமர்ந்ததும் வல்லிபுரம் எழுந்து நின்று, சாட்சியத்தில் நேரம் பிழையாகிவிட்டது என்றார்.

துரை பேனாவை நிறுத்தினார். "சாட்சி இப்போது பேச்சை மாற்றுகிறாளா?"

தப்பித்துக்கொள்ளத் துரையே வழி விட்டார். ஆம் என்றால் போதும், பதவிக்கு ஒரு பழுதும் வராது. ஆனால் பேச்சை மாற்றுகிறவள் சொல்லும் நேரத்தை யார் நம்புவார்கள்?

"இல்லை. அவள் முதலிலேயே சரியாகச் சொன்னாள். பிழை என்னுடையது" என்றார் வல்லிபுரம் ஆங்கிலத்தில். இம்முறை குரல் கணீரென்று வரவில்லை.

துரையின் முகம் சிவந்தது. மாரியாயியை மறுபடி கேட்டார். மானேஜரை மீண்டும் கூண்டில் ஏற்றியபோது அந்த ஆள் திருதிருவென்று விழித்தார். கவனிக்காமல் போட்டதால் நேர்ந்த சாவு என்று முடிவானது. வல்லிபுரத்தைப் பற்றிய அறிக்கையும் அன்றே எழுதப்பட்டது. ஓய்வுபெறும் வரை அவர் இரண்டாம் வகுப்பிலேயே இருந்தார்.

கோர்ட்டு கலைந்ததும் மாரியாயி வாசலில் காத்திருந்தாள். "தொர என்னமோ அடிச்சு எழுதினாரே, என்னங்கய்யா?"

"உங்கட புருஷன் காலமை எட்டு மணிக்கு விழுந்தவர், பன்னிரண்டுக்குத்தான் தூக்கினவை எண்டு எழுதினவர்."

"மொதல்லயே நான் அதத்தானேங்க சொன்னேன்?"



"ஓம், அம்மா. நீங்கள் சொன்னனீங்கள். நான்தான் சொல்லேல்லை."