பல்லுகாரியின் டாங்கி

கடியப்பட்டணத்தில் வந்து பெபிஷா வீடு எது என்று கேட்டால், எந்த பெபிஷா என்று திருப்பிக் கேட்பார்கள். பல்லுகாரி பெபிஷா என்றால் வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். அவள் பல் பிடுங்குகிறவள் அல்ல, டாக்டரும் அல்ல. கோட்டாற்றில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருக்கும் லேபில் செயற்கைப் பல் செய்கிறவள். டாக்டர்மார் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சுக்கு இவள் மெழுகு பிடித்து, பல் அடுக்கி, ரோஸ் நிற அக்ரிலிக் மாவில் ஈறு வார்த்து, மெருகு போட்டுத் திருப்பி அனுப்புவாள். மீன்காரர் சிலுவைமுத்துவின் மகள் வலைக்கும் போகாமல், நர்சுக்கும் படிக்காமல் இந்த வேலைக்கு ஏன் போனாள் என்று ஊர் கொஞ்ச நாள் பேசிப் பார்த்தது. அப்புறம் ஊருக்கும் பல் விழுந்தது, பேச்சு நின்றது.

வேலையில் அவளைக் குறை சொல்ல ஆள் கிடையாது. பெரிய டாக்டர்களே, "இத அந்தப் பிள்ளைக்கிட்ட கொடு" என்று சொல்லி அனுப்புவார்கள். ஆனால் இந்தத் தொழிலில் ஒரு கொடுமை உண்டு. நல்ல வேலை என்றால் அது வேலை என்றே தெரியக்கூடாது. லேப் வைத்திருக்கும் எபிசன் இதை நாளுக்கு ஒரு தடவையாவது சொல்லாமல் விடமாட்டார்.

"பாக்கவன் இது வச்ச பல்லுன்னு கண்டுபிடிச்சாம்னா நாம தோத்தோம், கேட்டியா."

பெபிஷா தோற்றதில்லை. அதனாலேயே அவள் பெயரும் யாருக்கும் தெரியாது. பல் வைத்தவருக்கு டாக்டர் பெயர் தெரியும், டாக்டருக்கு லேபின் பெயர் தெரியும், அதற்கு அப்பால் யாரும் கேட்பதில்லை.

ஒருநாள் பஸ்ஸில் எதிர் சீட்டில் ஒரு அக்கா போனில் பேசி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பெபிஷாவுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. மேல் வரிசை முழுக்க அவள் அடுக்கியது. எல்லாப் பல்லும் நேராக நின்றால் பொய் என்று தெரியும் என்பதற்காக ஒரு முன்பல்லை மட்டும் இம்மி சாய்த்து வைத்திருந்தாள். அந்தச் சாய்வு அப்படியே இருந்தது. காணாமல் போன பிள்ளையைக் கண்டது போல மனசு துள்ளிவிட்டது. பக்கத்தில் போய்க் குனிந்து, "அக்கா, ஒங்க பல்லு நான் செஞ்சதாக்கும்" என்று சொன்னாள்.

அந்த அக்கா வாயை மூடினாள். மூடிய வாய் திறக்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கியும் போய்விட்டாள்.

 அந்த அக்காவைத் தப்பு சொல்ல முடியாது, நாலு பேர் இருக்கிற பஸ்ஸில் யாருக்குத்தான் பிடிக்கும். ஆனால் ஒரு ஆசை அன்றைக்குத்தான் உள்ளே வந்து உட்கார்ந்தது. கையால் செய்த ஒன்றை நாலு பேர் முன்னால் வைத்து, இது நான் செஞ்சது என்று வாய் திறந்து சொல்ல வேண்டும்.

வழி காட்டியது அவள் அண்ணன்தான், அதுவும் தெரியாமல். துபாயிலிருந்து மகனுக்கு ஒரு விமான கிட் கொண்டுவந்தார். துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக்கை வெட்டி ஒட்டி விமானம் செய்ய வேண்டும். மகன் இரண்டு இறக்கை ஒட்டிவிட்டுக் கிரிக்கெட்டுக்குப் போனான். மிச்சத்தை பெபிஷா முடித்தாள். முடித்ததும் கை அடுத்ததைக் கேட்டது. இப்படிச் செய்கிறவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருந்தது. அதில் சேர்ந்த மறு வாரமே கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் பழைய டாங்கி கிட் ஒன்றை விற்க வந்தார். டி-55 என்கிற ரஷ்ய டாங்கி, நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. பெட்டி பிரிந்தது, பாதிச் சாமான் தொலைந்தது, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம் என்று உள்ளதைச் சொல்லியிருந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெபிஷா எடுத்தாள்.

அவள் கணவன் ஷிஜின் பெட்டியைப் பிரித்துச் சாமானை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். அவன் வள்ளத்து எஞ்சின் பழுது பார்க்கிறவன், உதிரி பாகத்தின் அருமை தெரிந்தவன்.

"பத்து சக்கரம் வேணும், அஞ்சுதான கெடக்கு. பீரங்கிக் குழலையும் காணல்ல. ஏமாத்திட்டானா ஒன்ன?"

"இல்ல. தெரிஞ்சுதான் வாங்கினேன்."

"தெரிஞ்சா?"

"பல்லெல்லாம் ஒக்க இருக்குத வாய்க்கு நான் எதுக்கு?" என்றாள் பெபிஷா.

அவன் பெட்டியை மூடி அவள் பக்கம் தள்ளினான். கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவனுக்குப் பழகியிருந்தது.

இருந்த சக்கரங்களில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வாயில் அச்சு எடுக்கும் ரப்பர் மாவில் அழுத்தி அச்சு எடுத்தாள். அதில் ஈறு செய்யும் அக்ரிலிக்கை ஊற்றினாள். முதல் சக்கரம் முழுக்கக் குமிழி. இரண்டாவது விளிம்பில் சுருங்கியது. லேபில் பல் செட்டுகளை அழுத்தத்தில் வேகவைக்கும் சட்டி ஒன்று இருக்கிறது. எபிசனிடம் கேட்டுவிட்டு மூன்றாவதை அதில் வைத்தாள். ஏற்கெனவே உள்ளே ஒரு பல் செட்டு வெந்துகொண்டிருந்தது.

"ஒரு வாத்தியாருக்க மேல் வரிசையும் ரஷ்யாக்காரனுக்க சக்கரமும் ஒரே சட்டியிலயா," என்றார் எபிசன். "மாத்திக் கொடுத்துப்பிடாத பிள்ளே. வாத்தியாரு ஏற்கெனவே பயங்கர ஆளு."

சக்கரம் ரோஸ் நிறத்தில், ஆனால் குண்டுமணி அளவு குறையும் இல்லாமல் வந்தது. ஐந்தும் முடிந்ததும் அவள் ஒரு காரியம் செய்தாள். புதிய ஐந்தையும் ஒரே பக்கத்தில் மாட்டவில்லை. புதுப் பல்லை எல்லாம் ஒரு பக்கமாக வைத்தால் கண்ணில் படும், பழசுக்கு நடுவே கலந்து வைத்தால் படாது. மூன்றை ஒரு பக்கமும் இரண்டை மறு பக்கமுமாக, பழசோடு கலந்து மாட்டினாள்.

பீரங்கிக் குழலுக்குத்தான் திண்டாட்டம். கடைசியில் அப்பாவின் ரேடியோ கண்ணில் பட்டது. வள்ளத்தில் போனபோது வைத்திருந்தது, பேச்சு நின்று பல காலம் ஆனது, ஆனால் ஏரியல் மட்டும் பளபளவென்று நின்றது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் அந்தக் குழாயில் நடுத்துண்டு அளவு சொல்லி வைத்த மாதிரி சரியாக இருந்தது.

"யாரு எனக்க ரேடியோவுக்க கொம்ப ஒடிச்சது?" என்று சிலுவைமுத்து முற்றத்தில் நின்று கேட்டார்.

"டாங்கிக்கு எடுத்தேன் அப்பா. செத்த ரேடியோதான."

அவர் டாங்கியைக் கையில் வாங்கி ஏரியல் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "செரி. அதுல இருந்து பாட்டு கேட்டாச்சு, இனி வெடி கேக்கட்டு," என்று திருப்பிக் கொடுத்தார்.

பச்சைச் சாயம் பூசினாள். முற்றத்துச் செம்மண்ணைச் சலித்து அடியில் அப்பினாள். ஷிஜின் தன் பட்டறையிலிருந்து பழைய எஞ்சினின் துருவைச் சுரண்டிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். அதைத் தொட்டுச் சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலியில் வைத்தபோது டாங்கி நிஜமாகவே எங்கேயோ ஓடிவிட்டு வந்து நிற்பது போலிருந்தது. எது பெட்டியில் வந்தது, எது இவள் செய்தது என்று ஷிஜினாலேயே சொல்ல முடியவில்லை. பெபிஷாவுக்கு அதில் தாங்க முடியாத பெருமை.

திருவனந்தபுரத்தில் இப்படிப்பட்ட மாடல்களுக்கு ஒரு கண்காட்சியும் போட்டியும் இருப்பதாகக் குழுவில் செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை கண்டுவிட்டு இருவரும் பஸ் ஏறினார்கள். டாங்கியை வைக்க வாகான பெட்டி வேறு கிடைக்காமல், மீனுக்கு ஐஸ் போடும் தெர்மாகோல் பெட்டியைக் கழுவிக் காயவைத்து எடுத்திருந்தார்கள். மடியில் அதை வைத்திருந்தவளிடம் பக்கத்து சீட்டுக்காரர், "நெய்மீனா?" என்று கேட்டார். "டாங்கி," என்றாள் பெபிஷா. அது எந்தக் கடல் மீன் என்று யோசித்தபடியே அவர் தூங்கிவிட்டார்.

ஹாலில் மேசை மேசையாக டாங்கியும் கப்பலும் விமானமும் நின்றன. வாசலில் இருந்த பையன், "கிட்தானே?" என்றான். "ஆமா," என்றாள். ஒரு மேசையில் வைக்கச் சொன்னான். வைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தவளுக்கு ஒன்று விளங்கவில்லை. மற்ற டாங்கிகளில் அங்கங்கே வெள்ளையாக, பித்தளையாகத் திட்டுகள் தெரிந்தன.

"பெயின்ட் அடிச்சு முடிக்காம கொண்டு வந்திருக்கினும்," என்றாள் ஷிஜினிடம். "சோம்பேறிப் பயலுவ."

ஷிஜின் போய் ஒரு ஆளிடம் கேட்டுவிட்டு முகம் தொங்க வந்தான். "சோம்பேறித்தனம் இல்லட்டி. கையால செஞ்ச பாகத்துக்குப் பெயின்ட் அடிக்காம விடுவினுமாம். இல்லேன்னா நடுவருக்கு எப்படித் தெரியும்?"

பெபிஷா தன் டாங்கியைத் திரும்பிப் பார்த்தாள். லேபில் ஒன்பது வருஷமாகப் படிந்த பழக்கம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழியில் தள்ளியிருக்கிறது. எல்லாரும் காட்டுவதற்காகச் செய்த இடத்தில் இவள் ஒருத்தி ஒளித்து வைப்பதற்காகச் செய்திருக்கிறாள்.

நடுவர் கோபகுமார் வந்தார். ஓய்வு பெற்ற பேங்க்காரர். நாகர்கோவிலில் சில வருஷம் வேலை பார்த்ததால் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. பெபிஷாவின் கண் வழக்கம்போல முதலில் அவர் வாய்க்குத்தான் போனது. முன்பல் இரண்டும் வைத்த பல். நல்ல கை என்று நினைத்துக்கொண்டாள். அவர் டார்ச் அடித்துக் குனிந்து, டாங்கியைத் தொடாமல் ஒரு சுற்று பார்த்தார்.

"கொள்ளாம். சுத்தமான வேலை," என்றார். "ஆனா கிட்டுல உள்ளதை அப்படியே ஒட்டியிருக்கீங்க. நீங்களா எதுவும் செய்யல்ல இல்லையா?"

அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.  பெபிஷாவுக்குப் பஸ்ஸில் மூடிக்கொண்ட அந்த அக்காவின் வாய்தான் கண் முன்னால் நின்றது. இங்கேயும் சொன்னால் இந்த மனுஷரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. ஷிஜின் முழங்கையால் இடித்தான்.

"சொல்லுட்டி."

"சார், கொஞ்சம் நில்லுங்க," என்றாள் பெபிஷா. குரல் அவள் நினைத்ததைவிடப் பலமாக வந்துவிட்டது, நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். "இதுல அஞ்சு சக்கரம் பெட்டியில வராதது. நான் வார்த்தது. எந்த அஞ்சுன்னு சொல்லுங்க."

கோபகுமார் திரும்பி வந்தார். மறுபடி டார்ச் அடித்தார். இந்தத் தடவை நேரம் எடுத்துக்கொண்டார்.

"இது. ஓரத்துல ஒரு கோடு தெரியுது."

"அது கம்பெனிக்கது."

"அப்ப இது. மேல லேசா குழிஞ்சிருக்கு."

"அதும் கம்பெனிக்கது சார். அவனுக்க அச்சு சரியில்ல."

கூட்டம் சிரித்தது. கண்ணாடி போட்ட ஒரு இளைஞன் முன்னால் வந்து கடைசிச் சக்கரத்தைக் காட்டினான். அது இவளுடையதுதான். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டதற்கு, சும்மா சொன்னேன் என்று ஒப்புக்கொண்டான்.

பெபிஷா டாங்கியை இரண்டு கையாலும் தூக்கி மல்லாக்கப் பிடித்தாள். அடியில் செம்மண்ணுக்கும் துருவுக்கும் உள்ளே, ஐந்து சக்கரங்களின் முதுகு மட்டும் ரோஸ் நிறத்தில் மினுங்கியது. குழந்தை வாய் திறந்தது போல அப்படி ஒரு ரோஸ்.

"இதென்ன கலர்?" என்றார் கோபகுமார்.

"ஈறு. பல் செட்டு செய்யுத மாவு. நான் கோட்டாத்துல பல் லேபுல வேல பாக்கேன். செட்டுக்க உள்பக்கம், வாயோட ஒட்டுத பக்கத்த நாங்க தொடப்பிடாது. மெருகும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அந்தப் பழக்கத்துல இதுக்கும் உள்ள பெயின்ட் அடிக்காம விட்டிருக்கேன்." மூச்சு விட்டுக்கொண்டு, இத்தனை காலம் வைத்திருந்ததையும் சொன்னாள். "இது நான் செஞ்சது."

யாரும் முகத்தைத் திருப்பவில்லை. ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள், போனில் படம் பிடித்தார்கள், பெயர் கேட்டார்கள். "பெபிஷா, கடியப்பட்டணம்," என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கேட்காத ஒருவருக்கும் ஷிஜின் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். அந்த ஹாலில் அன்றைக்கு அவளைவிடத் தலை நிமிர்ந்து நின்றவர் கிடையாது. முதல் பரிசு ஒரு பாய்மரக் கப்பலுக்குப் போனது, இரண்டாவது டாங்கிக்கு வந்தது. கப்பலில் என்ன இருக்கிறது என்று ஷிஜின் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறான்.

பெட்டியில் டாங்கியை வைத்துக் கட்டும்போது கோபகுமார் டீயும் கையுமாக வந்தார். கொஞ்சம் தயங்கினார். பிறகு, அத்தனை பேர் நடமாடுகிற இடத்தில், ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பி நின்று வாயைத் திறந்து காட்டினார்.

"இது எப்படி இருக்கு?"

பெபிஷா நிதானமாகப் பார்த்தாள். "நல்ல வேல சார். இடது பல்லு மட்டும் நிறம் ஒரு பொடி வெளுப்பு. ஆனா நல்ல கை. யாரு செஞ்சது?"

அவர் டாக்டர் பெயரைச் சொன்னார்.

"டாக்டர் இல்ல சார். செஞ்ச ஆளு."

கோபகுமார் யோசித்தார். "கேட்டதில்லையே," என்றார்.

"அடுத்த தடவ போம்போ கேளுங்க," என்றாள் பெபிஷா.