முந்தி ஓடிய கைக்கடிகாரம்

மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் வீட்டின் முன்னறையில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. மாலைச் செய்திக்கு முன்னால் மணியோசை வரும்போது அத்தான் தம் கைக்கடிகாரத்தைத் திருத்தி வைப்பார். பிறகு அதைக் கழற்றி, ஒலி வருகிற துணி முகப்பின்மேல் சாய்த்து வைப்பார். விடியும்வரை அது அங்கேதான் இருக்கும். மலாயாவின் சுதந்திரத்துக்கு, மெர்டேக்காவுக்கு, சில மாதங்களே இருந்த காலம் அது. செய்தி கேட்க அக்கம்பக்கத்தார் எங்கள் வீட்டில் கூடுவார்கள். அத்தனை பேர் நடுவில் அத்தானுக்கு மட்டும் இருப்புக் கொள்ளாது. உட்கார்வார், எழுவார், வாசலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பார், திரும்பி வந்து கடிகாரத்தைப் பார்ப்பார்.

அவர் என் அக்காவின் கணவர். சரக்குப் படகான தொங்கான் ஒன்றின் தண்டல்; அதன் சுக்கானைப் பிடித்து நடத்துபவர். ஆழம் போதாததால் மலாக்காவில் கப்பல்கள் கரைக்கு வெகு தூரத்தில் நங்கூரமிடும். அத்தான் அங்கே போய் அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குள் கொண்டுவருவார். ஆற்றின் வாயில் சேற்றுத்திட்டு உண்டு. கடல் ஏறி நிற்கும் நேரத்தில்தான் பாரமேற்றிய தொங்கான் அதைத் தாண்டும். கரையில் நிற்பவருக்குத் தண்ணீரின் மட்டம் கண்ணுக்குத் தெரியும். கப்பலடியில் நிற்கிற தண்டலுக்குக் கைக்கடிகாரம்தான் கதி.

அந்தக் கடிகாரமோ முந்தி ஓடியது. முதல் நாள் மாலை சரியாக இருந்தது மறுநாள் பகலுக்குள் எங்கோ போயிருக்கும். ஒரு நாள் கொஞ்சம், ஒரு நாள் நிறைய. கடல் ஏறுவதற்கு முன்பே புறப்பட்டுவந்து தொங்கான் இரண்டு முறை திட்டில் உட்கார்ந்துவிட்டது. ஏறுகிற தண்ணீர் பிறகு அதைத் தூக்கிவிட்டது என்றாலும், ஆற்றோரம் முழுக்க அதே பேச்சு. “என்னா தண்டலு, உங்க கடிகாரத்துக்கு மட்டும் மெர்டேக்கா முன்னாடியே வந்துடுச்சா?” என்று கூலியாட்கள் கூவினார்கள். இன்னொரு தடவை தரை தட்டினால் சுக்கான் வேறு ஆளுக்கு என்று தொங்கானின் முதலாளியான தவுக்கே சொல்லிவிட்டார். அத்தான் அதை வீட்டில் சொல்லவில்லை. அக்கா மீன் சந்தையில் கேட்டுக்கொண்டு வந்தாள்.

“நீ என்னமோ மிஷின் வேலை படிச்சிருக்கியே, இத மொதல்ல பாருடி” என்றாள்.

நான் அப்போது தொலைபேசி இலாகாவின் பட்டறையில் பயிற்சி முடித்திருந்தேன். மெல்லிய வில்களைத் திருத்துவதும் செப்புக்கம்பிச் சுருள்கள் சுற்றுவதும் என் வேலை. எதையும் வரிசைப்படுத்திக்கொண்டு தொடங்குவதே என் பழக்கம்: முதலில் கடிகாரத்தின் ஓட்டம், பிறகு அதற்குள் புகும் ஈரம். மூடியைத் திறந்தேன். வேகத்தைக் குறைக்கும் சிறு நெம்பு ஏற்கெனவே மெதுவாக்கும் பக்கத்தின் கடைசிவரை தள்ளப்பட்டிருந்தது. யாரோ முயன்று கைவிட்டிருக்கிறார்கள். உள்ளே மயிரிழை போன்ற வில்சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நீளம் குறைந்த சுருள் வேகமாகத்தானே துடிக்கும்? அவற்றை ஒட்டவைக்க எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை. திசைகாட்டியைப் பக்கத்தில் வைத்தேன். முள் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்து நின்றது. காந்தம் ஏறியிருந்தது. வானொலியின் ஒலிபெருக்கிக்குள் எவ்வளவு பெரிய காந்தம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

“அத்தான், கடிகாரத்தக் கெடுக்கிறதே ரேடியோதான்.”

“போம்மா! ரேடியோக்காரன் சொல்ற நேரம் லண்டன்லேர்ந்து வருது. அதப் பாத்து வெக்கிறது கெட்டுப்போவுமா?”

“பாத்து வைங்க. பக்கத்துல வைக்காதீங்க.”

“சாமி மாடத்துல வெக்கிற மாதிரிதானே வெச்சேன்” என்று அவர் முணுமுணுத்துவிட்டு மறுபடி வாசலுக்குப் போனார்.

காந்தத்தை இறக்க, பட்டறையில் ஒரு கம்பிச்சுருளுக்கு மாறுதிசை மின்சாரம் கொடுத்து, அதன் நடுவே கடிகாரத்தை நுழைத்து மெல்ல வெளியே இழுத்தேன். வளையங்கள் பிரிந்து மூச்சுவிட்டன. இப்போது அது பின்தங்கியது. நெம்பைச் சிறிது சிறிதாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். அடுத்தது ஈரம். கடல் தெறித்துக் கண்ணாடியின் உட்புறம் அடிக்கடி பனித்திருக்கும். பின்மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. புதிதாக ஒன்று வெட்டிப் பொருத்தி, சாவித் திருகின் கழுத்தில் தேன்மெழுகும் கொழுப்பும் குழைத்துப் பூசினேன். இயந்திரத்தை வெளியே எடுத்துவிட்டு வெறும் கூட்டை வெந்நீரில் அமிழ்த்திப் பார்த்தபோது சாவிப் பக்கம் குமிழி வந்தது. மறுபடி பூசினேன். குமிழி நின்றது.

திருப்பிக் கொடுத்தபோது சொன்னேன்: “இப்ப இது சரியா ஓடுது அத்தான். முந்துதுன்னு மனசுக்குள்ள நிமிஷத்தக் கழிக்காதீங்க.”

“சரிம்மா, சரிம்மா.”

மறுநாள் மாலை வேலை முடிந்து அக்காவோடு ஆற்றோரம் போய் நின்றேன். மற்றத் தொங்கான்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்துவிட்டன. படிக்கட்டில் ஈரக்கோடு வெளியே தெரியத் தொடங்கியது, தண்ணீர் வடிகிறது.

“கழிச்சிருப்பாருடி” என்றாள் அக்கா. “அவரால சும்மா இருக்க முடியாது.”

அத்தானின் தொங்கான் கடைசியாக வந்தது. கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் திட்டில் ஏறி நின்றது. முன்பெல்லாம் ஏறும் தண்ணீர் காப்பாற்றியது. இது இறங்கும் தண்ணீர். தொங்கான் மெல்லச் சாய, ஒரு பக்கத்து மூட்டைகள் சரிந்து நனைந்தன. அத்தான் இடுப்பளவு நீரில் குதித்துத் தோள்கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். தவுக்கே குடையை மடக்கிக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் கடிகாரத்தை என்னிடம் நீட்டினார். உள்ளே ஒரு துளி ஈரம் இல்லை. நேரமும் சரியாக இருந்தது. “அது சரியாத்தாம்மா சொன்னிச்சு. எப்பவும் முந்துமே, நேரம் இருக்குன்னு இன்னும் கொஞ்சம் மூட்டை ஏத்திக்கிட்டேன்.”

இப்போதெல்லாம் அத்தான் செய்தி முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். அந்த அசையாமையைப் பார்க்கப் பொறுக்காமல் வாசலுக்கு எழுந்து போகிறவள் நான்.

சுக்கான் இளைஞர் ஒருவருக்குப் போனது. அதே தொங்கானில் மூட்டை அடுக்கும் ஆளாக அத்தான் இன்றும் போகிறார். புதிய தண்டலிடம் கடிகாரம் கிடையாது. கப்பலடியில் அவர், “அண்ணே, மணி என்னா?” என்று கேட்பாராம். அத்தான் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, உள்ளது உள்ளபடி சொல்வாராம். தொங்கான் அதன் பிறகு ஒரு முறைகூடத் தரை தட்டவில்லை.