மூன்றில் எது அவன் குரல்

என் கணினியில் ஒரே பாட்டு ஏகப்பட்ட குரல்களில் இருக்கிறது. நாங்கள் கல்லூரிக்குப் போன காலத்திலேயே பழசாகிவிட்டிருந்த ஒரு வெள்ளைக்கார ராக் குழுவின் பாட்டு. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், இதைவிட நல்ல கவர் ஒன்று இருக்கிறது என்று நீங்களும் ஒன்றை அனுப்புவீர்கள். எனக்கு இருக்கிற குழப்பமே போதும்.

ஒருவர் பாடிப் புகழ்பெற்ற பாட்டை இன்னொருவர் தன் போக்கில் பாடிப் பதிவு செய்தால் அதைக் கவர் என்கிறார்கள். நான் பிழைப்பதோ பட்டுச் சேலைக்கு பார்டர் வரைந்து. முன்பு கட்டம் போட்ட தாளில் வரைந்தேன், இப்போது கணினியில். நான் வரைந்த பார்டர் அடுத்த தெருவில் வேறொருவர் தறியில் ஏறிவிட்டால் சட்டையைப் பிடித்துக்கொள்ளும் ஊர் காஞ்சிபுரம். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, அடுத்தவன் பாட்டை எடுத்துப் பாடுகிறவர்களை மட்டும் நான் ஏன் உலகமெல்லாம் தேடிச் சேர்த்தேன் என்று கேட்காதீர்கள். வேலை செய்யும்போது கேட்பேன். கேட்டதும் பக்கத்தில் குறிப்பு எழுதுவேன். ஜப்பான் பெண் ஒருத்தி பாடியதற்கு ‘குளித்து முழுகிவிட்டு வந்த பாட்டு’ என்று எழுதியிருக்கிறேன். பிரேசில்காரர்கள் மேளத்தோடு பாடியதற்கு ‘மாப்பிள்ளை அழைப்பு’. எனக்கு ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது, பாடத் தெரியாது. ஆனால் தீர்ப்பு சொல்வதில் குறைவே இல்லை.

இந்தப் பைத்தியத்துக்குக் கூட்டாளி ஒருவன்தான். கல்லூரியில் என் பெஞ்சில் உட்கார்ந்தவன். படிப்பை முடித்துவிட்டு வீட்டுத் தறியிலேயே உட்கார்ந்துவிட்டான், இன்றும் நெய்கிறான். எங்களிடம் இருந்த ஒரே கேசட்டை அவன்தான் போட்டுப் போட்டுத் தேய்த்தான். ஆங்கிலம் அவனுக்கு அவ்வளவாக வராது. ஆனால் மூல பாடகர் மூக்கால் இழுப்பதை, மூச்சு வாங்குவதை, ஒரு இடத்தில் குரல் லேசாக உடைவதைக்கூட அப்படியே பிடித்து வைத்திருந்தான். தறியில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டே அதைப் பாடுவான். பாட்டு உச்சத்துக்கு ஏறும் ஓர் இடம் உண்டு. அங்கே மட்டும் ஏறாமல் கீழே இறங்கிவிடுவான். ஏன்டா என்றால், “அங்க போனா கூரைல இடிக்கும்பா” என்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் புதிதாகப் பிடித்த கவர்களைக் கொண்டுபோய்ப் போடுவேன். அவன் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் பாடறான். ஆனா என்னாண்ட நிக்க மாட்டான்” என்பான். நானும் ஆமாம் போடுவேன். அது உண்மையா, நட்புக்காகச் சொன்னதா என்று அப்போது யோசித்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அவன் தொண்டையில் கட்டி வந்தது. சென்னையில் அறுவை சிகிச்சை செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பினான், குரல் போய்விட்டது. இப்போது நான் எதிரில் உட்கார்ந்து பேசினால் அவன் போனில் தட்டுவான். என் சட்டைப் பையில் டிங் என்று சத்தம் வரும், எடுத்துப் படிப்பேன். முதலில் எங்களுக்கே சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

போன வருடம் ஒருநாள் அப்படி ஒரு செய்தி வந்தது. “நான் பாடினத நீ ஒருவாட்டி ரெக்கார்டு பண்ண இல்ல? இருக்குதா? என் குரல் எப்படி இருக்கும்னே மறந்து போச்சி. ஒருவாட்டி கேக்கணும்.”

ஒரே ஒரு முறை பதிவு செய்தது உண்மைதான், பல வருடத்துக்கு முன். இருக்குடா, நாளைக்கே கொண்டு வரேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் வினை தெரிந்தது. நடுவில் ஒருமுறை என் போனின் மெமரி கார்டு கெட்டுப்போய், ராஜ வீதிப் பக்கம் ஒரு கடையில் கொடுத்து மீட்டிருந்தேன். பாட்டெல்லாம் திரும்பி வந்து கணினியில் ஏறியது, பெயர்கள் வரவில்லை. எல்லாம் வெறும் எண்கள். அந்த எண்களை வைத்துத்தான் மறுபடி கேட்டுக் குறிப்பு எழுதியிருந்தேன். அவன் பாடியது அதில் எந்த எண் என்று எனக்குத் தெரியவில்லை.

பெண் குரல்களைக் கழித்தேன். கிதார், பியானோ, மேளம் கேட்டதையெல்லாம் கழித்தேன். வெறும் ஆண் குரலில், போனில் பதிந்த மாதிரி மூன்று மிஞ்சின. முப்பத்தொன்று, ஐம்பத்தெட்டு, தொண்ணூறு. மூன்றையும் திரும்பத் திரும்பக் கேட்டேன். முப்பது வருடம் பழகிய குரல் தெரியாதா என்று என் மனைவியே கேட்டாள். பேசினால் தெரியும். இது பேச்சில்லையே. மூன்று பேருமே அந்த மூல பாடகரைப் போல மூக்கால் இழுக்கிறவர்கள். நேரில் தினம் கேட்கக் கிடைத்தவன் என்பதால் அந்தப் பதிவை நான் சரியாகக் கேட்டதும் கிடையாது. ஐந்தாவது முறை கேட்டபோது மூன்றும் அவன்தான் என்று தோன்றியது. பத்தாவது முறை, மூன்றுமே அவன் இல்லை.

தெரிந்தது ஒன்றே ஒன்று. தறியில் உட்கார்ந்துதான் அவன் பாடினான், அது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஐம்பத்தெட்டில் குரலுக்குப் பின்னால் தக், தக் என்று ஒரு சத்தம் கேட்டது. முப்பத்தொன்றில் அப்படி எதுவும் இல்லை. காக்காய் கத்துகிறது, அவ்வளவுதான். அதற்கு நான் எழுதியிருந்த குறிப்பு இது: ‘பறவைத் தொந்தரவு. உச்சத்துக்கு ஏறப் பயப்படுகிறான். வேகமும் போதாது.’

மூன்றையும் எடுத்துக்கொண்டு போனேன். அவன் தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி உள்ளே ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றின் எண்ணையும் சொல்லித்தான் போட்டேன், முதலில் தொண்ணூறு. குளியலறையில் பாடியது போல எதிரொலி. அவன் தோள் குலுங்கியது, சத்தமில்லாமல் சிரித்தான். அடுத்து முப்பத்தொன்று. பாதி கூடப் போகவில்லை, கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னான். “இது இல்லையா?” என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினான். பிறகு ஐம்பத்தெட்டு. கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டான். பெரிய குரல். அந்த உச்ச இடத்துக்கு மூச்சே வாங்காமல் ஏறி நின்றது.

“பின்னாடி கேக்குது பாரு, தறிச் சத்தம்டா” என்றேன்.

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். டிங். “ஆமா. நான்தான்.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவன் போனில் ஏற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து தறியில் உட்கார்ந்தால் அதைப் போட்டுவிட்டுத்தான் மிதிப்பான். வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினான். அவர்கள் நம்ப முடியாமல் அவனையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

எனக்குத்தான் நிம்மதியில்லை. அந்த உச்ச இடம் உறுத்தியது. கூரையில் இடிக்கும் என்றவன் அன்று மட்டும் எப்படி ஏறினான்? ஒருவேளை போனில் பதிகிறது என்ற ரோஷத்தில் ஏறியிருப்பான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள் அந்தச் சமாதானம் நிற்காது. நான் போய்ச் சரிபார்க்கவும் முடியாது, அவனே சொன்ன பிறகு சந்தேகப்படுவது எப்படி? நாலைந்து மாதம் இப்படியே போனது.

ஒரு காலையில் பார்டர் வரைபடம் கொடுக்கப் பிள்ளையார்பாளையம் வழியாகப் போய்க்கொண்டிருந்தேன். தெருவே ஓய்ந்து கிடந்தது. ஒரு வீட்டிலும் தறி ஓடவில்லை. மதில் மேலெல்லாம் சோற்றுருண்டை, காக்காய்க் கூட்டம் கத்தித் தீர்த்தது. அமாவாசை. எங்கள் ஊரில் அமாவாசையன்று தறியில் கை வைக்க மாட்டார்கள். அப்போதுதான், வண்டியிலிருந்து விழாத குறையாக, எனக்கு விளங்கியது. பதிவு செய்ய வேண்டும் என்று நான் நச்சரித்தபோது அவன் சொன்ன பதில் நினைவுக்கு வந்தது. “தறி ஓடற நாள்ல வேலைய வுட்டுட்டுப் பாட முடியாதுபா, அமாவாசைக்கு வா.” அமாவாசைக்குத்தான் போனேன். வடையோடு சாப்பிட்டுவிட்டு, வெளியே காக்காய் கத்த, ஓடாத தறியில் அவனை உட்கார வைத்துத்தான் பதிவு செய்தேன். இந்த ஊரிலேயே பிறந்து, பட்டுச் சேலையால் பிழைக்கிற நான், தறிச் சத்தத்தை வைத்து அவனைத் தேடியிருக்கிறேன். அவன் குரல் முப்பத்தொன்று. ஏறப் பயப்படுகிறான் என்று நான் எழுதி வைத்த குரல்.

நேராக அவன் வீட்டுக்குப் போனேன். அவன் கோயிலுக்குப் போயிருந்தான். அவன் மனைவிதான் இருந்தார்.

“உக்காருங்கண்ணா, வந்துடுவாரு” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “இன்னாணா ஆச்சி?” என்றார்.

“அவன் போட்டுக் கேட்டுக்கினு இருக்கானே மா, அது அவன் குரல் இல்ல. நான்தான் தப்பா குடுத்துட்டன். தறிச் சத்தம்னு நெனச்சிட்டன்.”

அவர் கொஞ்சமும் திடுக்கிடவில்லை. “அது தறி இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்ணா. யாரோ மேஜைய தட்றாங்க. பொறந்ததுல இருந்து தறில கெடக்கிறவருக்கு அது தெரியாதா? இந்த வூட்ல அத நம்பினது நீங்க ஒருத்தர்தான்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “அப்ப ஏன் மா ஆமான்னான்?”

“நடுவுல ஒண்ண நிறுத்தச் சொன்னாரே, அதான் அவரு. கேட்ட ஒடனே அவருக்குத் தெரிஞ்சிடுச்சி, எனக்கும் தெரிஞ்சிடுச்சி. அன்னிக்கு அவரு சாப்பிடல. நெனச்சிக்கினு இருந்த அளவுக்கு அது இல்லையாம். எழுதிக் காட்னாரு. இன்னொருத்தன் குரல் நல்லா இருந்துச்சி, வச்சிக்கினாரு. இருக்கட்டும் வுடுங்க.”

நான் எழுந்தேன். அவனிடம் மன்னிப்புக் கேட்க வந்தவன், இப்போது யாரிடம் எதற்குக் கேட்பது என்று தெரியாமல் வாசல்வரை போய்விட்டேன். அவர் பின்னாலேயே வந்தார்.

“அண்ணா, அவரு பாடினது உங்களாண்ட இருக்குது இல்ல? அத எனக்கு அனுப்புங்க. அவருக்குத் தெரிய வேணாம். எனக்கு அது போதும்.”

அங்கேயே நின்று அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு போனபோது அவன் நெய்துகொண்டிருந்தான். பக்கத்தில் போனில் ஐம்பத்தெட்டு பாடிக்கொண்டிருந்தது. உள்ளே அவன் மனைவி ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார், ஒரு காதில் இயர்போன் ஒயர். ஒரே வீட்டில் ஒரே பாட்டு இரண்டு குரலில் ஓடுகிறது என்பது எங்கள் மூவரில் அவனுக்கு மட்டும் தெரியாது. அதுவும் எனக்கு நிச்சயமில்லை.

பாட்டு முடிந்தது. டிங். “இன்னா, எப்டி?”

வழக்கமாக நான் தீர்ப்பு சொல்லும் நேரம். என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருக்கவில்லை. “முப்பத்தொண்ணு இதவிட மேல்” என்று வாயில் வந்துவிட்டது.

மிதி நின்றது. அவன் என் பக்கம் திரும்பவில்லை. அறுந்த நூலைத் தேடுகிறவன் போல தறியில் நீட்டியிருந்த பாவு நூலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்னது உண்மையா, பழைய பழக்கத்தில் போட்ட ஆமாமா என்று எனக்கே தெரியவில்லை, இன்றுவரை தெரியவில்லை.

என் சட்டைப் பையில் டிங். “பொய் சொல்லாத.”

எழுந்து போய்விடலாம் என்று செருப்பைத் தேடினேன். அவன் ஊடு நூல் ஓட்டும் நாடாவைக் கையில் எடுத்தான், கீழே வைத்தான், மறுபடி போனை எடுத்துத் தட்டினான்.

“அத அழிச்சிடாத.”