நான் நிறுத்திய மாத்திரை

சபையாருக்கு ஸ்தோத்திரம். என் எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். அஞ்சாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுந்து பேச எனக்குக் கூச்சம். ஒரே ஒரு முறைதான் பேசினேன். அதில் மாட்டிக்கொண்டேன்.

முந்தின வருடம் உபவாசக் கூட்டத்தில், தீராத வியாதி ஒன்று என்னை விட்டுப் போனது என்று சாட்சி சொன்னேன். பெயர் சொல்லவில்லை. அது எச்.ஐ.வி. என் மனைவி எஸ்தருக்கும் இருக்கிறது. அவள் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். உடம்பு லேசாக இருந்ததால் சுகமானேன் என்று நானே முடிவு செய்தேன். யாரும் சொல்லவில்லை. அன்றோடு மாத்திரையை நிறுத்தினேன்.

மார்கழியில் வாய்க்குள் வெள்ளையாகப் படர்ந்தது. சோறு இறங்கவில்லை. அது ஆறுவதற்குள் இடுப்பில் அக்கி. பிறகு சாயங்காலக் காய்ச்சல், இருமல், பேதி. மாரண்டஹள்ளி தக்காளி மண்டியில் பெட்டி தூக்குகிறவன் நான். கூட வேலை செய்யும் முனியப்பன், “என்னாண்ணா, நீ பெட்டியத் தூக்கறியா, பெட்டி உன்னையத் தூக்குதா?” என்றான். சிரித்து வைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் என் சாட்சி பொய்யாகும். போகாவிட்டால் சாவு. ஞாயிறுதோறும் நீங்கள் சுகமா என்று கேட்டீர்கள். சுகம் என்றேன். “கர்த்தாவே, நான் சொன்னதிலிருந்து என்னை வெளியே கொண்டுவாரும்.” வேறு ஜெபம் வரவில்லை.

பங்குனியில் மண்டியிலேயே விழுந்தேன். தர்மபுரியில் சேர்த்தார்கள். காசநோயும் வந்திருந்தது. உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இல்லை, வேலியில்லாத கொல்லையில் எல்லா மாடும் மேய்வதுபோல எல்லா நோயும் நுழைந்துவிட்டது என்றார் டாக்டரம்மா. மாத்திரையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்.

எஸ்தர் அழுதாள். “ஏங்க, நான் தப்பு பண்ணிட்டேனுங்க. நீங்க சாட்சி சொன்னப்புறமும் நான் மாத்திரைய நிறுத்தலைங்க. உங்களுக்குத் தெரியாம முழுங்கினேன். உங்க அளவுக்கு எனக்கு விசுவாசம் வரலைங்க.”

அவளைப் பார்த்தேன். அவளுக்கு ஒரு காய்ச்சல்கூட வரவில்லை. கூலிக்குக் களை எடுத்துவிட்டு வந்து என்னைத் தூக்கி உட்கார வைத்தவள். என் ஜெபத்துக்குக் கர்த்தர் தந்த பதில் எதிரில் நின்று அழுதுகொண்டிருந்தது.

“அவ தப்பு பண்ணலீங்க டாக்டரம்மா, நான்தான். திரும்ப மாத்திரை குடுங்க,” என்றேன்.

முதலில் காசநோய்க்கு மருந்து, சில வாரம் கழித்து பழைய மாத்திரை. வியாதி இன்னும் உடம்பில்தான் இருக்கிறது, அடங்கி இருக்கிறது. மறுபடி பெட்டி தூக்குகிறேன். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து, ஜெபித்து, மாத்திரை போடுகிறோம். கர்த்தருக்கு நன்றி.

உங்களில் யாராவது என்னைப்போல் மாட்டிக்கொண்டிருந்தால், வெட்கத்துக்காகச் சாக வேண்டாம். உள்ளதைக் கர்த்தரிடம் சொல்லுங்கள். டாக்டரிடமும் சொல்லுங்கள். என்னை அவர் கைவிடவில்லை.

பல நாள் தள்ளிப்போட்டு, இதை எழுதி முடித்தது நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை.