துரிசு வாளியும் கடல் கல்லும்

ராமசாமியண்ணனின் ஜீப்பு கடை வாசலில் வந்து நின்றபோது நான் புதுத் தொட்டிக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தேன். அவர் இறங்கவில்லை. "தம்பி, சோலிய அப்படியே போட்டுட்டு வெரசா ஏறு. தொட்டிக்குள்ள களை மண்டிப்போச்சு" என்றார்.

எண்பதுகளில் போடியில் மீன்தொட்டிக் கடை வைத்திருந்தேன். நல்ல தண்ணீர் மீன்தான் வியாபாரம். உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்துத் தரும் துணிச்சல் அந்த வட்டாரத்தில் எனக்கு மட்டும்தான் இருந்தது. வைத்துக் கொடுத்ததும் ஒன்றே ஒன்றுதான். போடிமெட்டுக்குக் கீழே, ராமசாமியண்ணனின் ஏலத்தோட்ட வீட்டில், அவர் மனைவி செல்விக்காக. செல்வி தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். மலையில் வாழ்க்கைப்பட்டு, மூடுபனியைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனவர். தொட்டியில் வைத்த கல்லை அவருடைய அப்பாவே கடலில் முங்கி எடுத்து, ஈரச்சாக்கில் சுற்றி லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார்.

கடல் கல் வெறும் கல் இல்லை. அதன் பொந்துகளில் புழு, நண்டு, பாசி என்று ஒரு ஊரே குடியிருக்கும். தண்ணீரைச் சுத்தமாக வைப்பதும் அந்தக் கூட்டம்தான். கூடவே கேட்காமல் தொற்றிக்கொண்டு வருவதும் உண்டு. எது குடித்தனக்காரன், எது கொள்ளைக்காரன் என்று பிரித்துச் சொல்வது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போய்ப் பார்த்தால் கல் முழுக்கப் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னப் பூக்கள், விரல்களை விரித்துக்கொண்டு. முதலில் ஒன்றுதான் இருந்ததாம். ஏலத்தோட்டத்துக்காரரான அண்ணனின் கை சும்மா இருக்குமா? களை என்று கத்தியால் சுரண்டியிருக்கிறார். அது செடியே இல்லை. கடல் சாமந்தி என்கிற பிராணி. உதிர்ந்த துணுக்கு ஒவ்வொன்றும் தனிச் சாமந்தியாகிவிடும். விரலில் விஷம் வேறு. ஜோடியாக விட்டிருந்த கடல் குதிரையில் ஒன்று அதில் வாலைச் சுற்றிச் செத்துக் கிடந்தது.

பக்கத்தில் ஒரு வாளி நிறைய நீலத் தண்ணீர்.

"என்னண்ணே இது?"

"துரிசு. ஏலக்காயில அழுகல் விழுந்தா இதத்தான அடிக்கிறோம். ரெண்டு குவளை ஊத்தப்போறேன்."

நான் வாளியை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் பேசினேன். "ஊத்துனா கல்லுல இருக்க அத்தனையும் சாகும். துரிசுல இருக்கது செம்பு. அது கல்லுக்குள்ள எறங்கிருச்சுன்னா பெறகு அதுல ஒண்ணும் பொழைக்காதுண்ணே."

"அப்பக் கல்லத் தூக்கி வெயில்ல போடு. வேற கல்லு கொண்டாரச் சொல்லுவோம்."

"யாரக் கொண்டாரச் சொல்லுவிய?" என்றார் பக்கத்தில் நின்ற செல்வி. அவர் அப்பா அந்த வருஷம்தான் இறந்திருந்தார். அண்ணன் தரையைப் பார்த்தார். இந்தக் கல்லைக் காப்பாற்றியே தீர்வது என்று முடிவு செய்துகொண்டேன்.

இறால் துணுக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். சாமந்தி லபக்கென்று விழுங்கியது. எதைக் கொடுத்தாலும் விழுங்குகிறவனுக்கு மருந்து வைப்பது சுலபம். களையெடுக்கும் அம்மா ஒருவரிடம் வெற்றிலைச் சுண்ணாம்பு வாங்கி, தண்ணீரில் குழைத்து, மாட்டு ஊசியில் ஏற்றி, வாயில் ஒரு சொட்டு விட்டேன். சுருண்டு கரைந்தது. ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் வைத்தால் தண்ணீர் கெட்டுவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தோம். நானும் வாராவாரம் மலையேறினேன். "சுண்ணாம்பு இருக்கு, வெத்தல எங்க தம்பி?" என்று கேலி செய்துகொண்டே அண்ணனும் ஊசி பிடிக்கப் பழகிவிட்டார்.

கடைசியில் ஒன்றுதான் மிச்சம். கல்லின் அடிப்பக்கம், அதே பழுப்பு, அதே விரல்கள். ஊசியைக் கொண்டுபோனேன். செல்வி குறுக்கே கையை நீட்டினார்.

"பொறுங்க அண்ணாச்சி. அதுக்கு அடியில நகத்தால தட்டிப் பாருங்க. மெத்துனு இருந்தா சாமந்தி. கெட்டியா இருந்தா வேற. அப்பா அப்படித்தான் பார்ப்பாவ."

தட்டினேன். விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டது. அடியில் கிண்ணம் போலக் கெட்டியாக இருந்தது. பவளப்பூச்சி. கடலில் கல்லைக் கட்டி வளர்ப்பதே அதுதான். அன்றிலிருந்து நகத்தால் தட்டிப் பார்க்காமல் எந்தத் தொட்டியிலும் நான் ஊசியை எடுத்ததில்லை. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களும் அதைப் பழகிக்கொள்வது நல்லது.

பவளப்பூச்சி என்று நான் சொன்னதும் ராமசாமியண்ணன் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "அப்ப, மாமா குடுத்த கல்லு இன்னும் வளருதா?"

செல்வி ஆமாம் என்று தலையை ஆட்டினார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, நாங்கள் நிற்பதையும் பார்க்காமல் அழுதார்.

"ஊசியக் கீழ வையி தம்பி" என்றார் அண்ணன்.