பகல் ரேஸ்

அண்ணனுக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. நாங்களோ கிராபிக்ஸ் கார்டைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் அண்ணன் கிரேன் ஓட்டினார். ஷெட் கூரையை ஒட்டி ஓடுகிற கிரேன். உருக்கிய இரும்பைத் தூக்கிக்கொண்டு, வேலை செய்கிறவர்களின் தலைக்கு மேலே போக வேண்டும். கீழே நிற்கிற ஆள் கை காட்டுவார். அந்தக் கையைப் பார்த்துத்தான் எல்லாம். வாரம் முழுக்க அங்கே நத்தை மாதிரி ஊர்ந்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆனால் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஓட்டியாக வேண்டும். எப்போதும் ஒரே டிராக்தான்.

"நைனா, படம் ஒரே பொகையா கீது. டம்மி பீஸ வாங்கியாந்துட்டடா" என்பார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கார்டு பழசுதான், ரிச்சி ஸ்ட்ரீட் பழைய சாமான் கடையில் பொறுக்கியதுதான், அதற்காக? கேமில் மூடுபனியை எடுத்தேன். நிழல்களை எடுத்தேன். ரெசல்யூஷனைக் குறைத்தேன், கார்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. கார்டை இயக்குகிற டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். கடைசியில் கார்டின் செட்டிங்கில் வெளிச்சத்தைக் கூட்டுகிற காமாவைப் பிடித்து வலது கோடி வரைக்கும் இழுத்துவிட்டேன். அதற்கு மேல் வெளிச்சம் ஏற்ற வழியே கிடையாது.

டீ கொண்டுவந்த அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஐயே, இன்னா இது? வெயில உள்ள கொண்டாந்து வெச்சிகினு... கண்ணு கூசுது!"

"உனுக்கு இன்னா தெரியும், போவியா" என்றார் அண்ணன். இருவரும் சிரித்தோம்.

அடுத்த ஞாயிறு ரேஸ் தொடங்கியதும் அண்ணன் சலித்துக்கொண்டார். "இன்னாத்துக்குடா நைட்டு ரேஸ் போட்ட? பகல் போடு."

திரையில் பட்டப்பகல். வானம் பால் போல வெளுத்துக் கிடந்தது. திரையை விட்டுவிட்டு அவர் கண்ணைப் பார்த்தேன்.

"அண்ணா, டாக்டர்கிட்ட கண்ணக் காட்டுனியா?"

அவர் கீபோர்டிலிருந்து கையை எடுக்கவில்லை. "காட்டுனேன். நரம்பு காஞ்சிபோச்சாம். இனிமே திரும்பாதாம். கம்பெனிக்குத் தெரிஞ்சா கிரேன உட்டு எறக்கிடுவான்டா."

"கீழ ஆளுங்க நிக்கிறாங்களே! கை காட்டறது தெரியுதா உனக்கு?"

"பழக்கத்துல ஓட்டிக்கினு கீறேன்."

கத்தித் தீர்த்துவிட்டேன். நீ மனுஷனா என்றுகூடக் கேட்டேன். அண்ணி ஓடிவந்து வாசலிலேயே நின்றுவிட்டார். மறுநாள் அண்ணன் தானாகவே ஃபோர்மேனிடம் போய்ச் சொல்லிவிட்டார். கேட்டில் லாரிகள் போக வழியை மறித்த சங்கிலியை இறக்கிவிடுகிற வேலை கொடுத்தார்கள். பதினைந்து வருடம் கூரையடியில் கிரேனிலேயே இருந்தவர்.

அந்த வார ஞாயிறும் வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நான் பகல் ரேஸைப் போட்டு கீபோர்டை அவர் பக்கம் தள்ளினேன்.

"நீயே ஆடு. நா சத்தம் கேட்டுக்கினு இருக்கேன்."

ஆடினேன். எனக்கு அந்த டிராக் அவ்வளவு பழக்கமில்லை. அண்ணன் திரையைப் பார்க்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வளைவு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், "இப்ப பிரேக்கு" என்றார். அப்புறம், "லெப்ட்டு ஒடி." ஒரு வளைவுகூடத் தப்பவில்லை. இப்படியேதான் அத்தனை பேர் தலைக்கு மேலேயும் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார் என்று புரிந்தபோது, கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.